மாடிக்காசும் ஒரு தும்மலும்

தும்மக் கூடாது. படி ஏறி முடிக்கிற வரைக்குமாவது தும்மக் கூடாது. மூக்கு நுனியில் வந்து குந்திக்கொண்டிருக்கிற இந்தச் சனியன் மேலே ஏறி மண்டைக்குள் போகட்டும், கீழே இறங்கித் தொண்டைக்குள் போகட்டும், வெளியே மட்டும் வந்துவிட வேண்டாம். வந்தால் விலை இறங்கிவிடும். விலை இறங்கினால் தம்பியின் முகம் இறங்கிவிடும். அந்த முகத்தைப் பார்க்க இன்றைக்குத் தெம்பில்லை.

அவள் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, மூச்சைப் பாதியில் நிறுத்தி, படிகளை மெல்ல மிதித்தாள். முதல் திருப்பத்தில், அலமாரி அகலம்கூட இல்லாத தன் கூண்டுக்குள் சாவிக்காரர் உட்கார்ந்திருந்தார். கையில் அரம், அரத்துக்கு அடியில் ஒரு சாவி. கண் இரண்டும் மட்டும் அவள் முகத்தில்.

"என்னக்கா, ஜலதோஷமா?"

சாவிக்காரர் பேரன் பேத்தி எடுத்தவர். ஆனாலும் அந்தக் கட்டடத்தில் அவள் எல்லோருக்கும் அக்காதான்.

"சேச்சே."

"கண்ணு கலங்கியிருக்கே?"

"வெங்காயம் வெட்டினேன்."

"காலங்காத்தால வெங்காயமா?" என்றபடி அவர் அரத்தைக் கீழே வைத்தார். வைத்த கை நேராகப் போனுக்குப் போனது.

"அண்ணே, போனைத் தொடாதீங்க. நான் நல்லா இருக்கேன். இதோ பாருங்க, சிரிக்கிறேன்."

சிரித்தாள். மூக்கு துடித்தது. இனி ஒரு நொடி நின்றாலும் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று தெரிந்து, மிச்சப் படிகளை இரண்டிரண்டாகத் தாவினாள். இரண்டாம் மாடி வராந்தாவின் கோடியில் இருந்த தன் கடைக்குள் புகுந்து, கதவைச் சாத்தி, தையல் பிரிக்க வந்த கால்சட்டைக் குவியலுக்குள் முகத்தைப் புதைத்த பிறகுதான் தும்மினாள். நல்ல கனமான துணிகள். சத்தம் வெளியே போயிருக்காது என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் பக்கத்து அறை நடன வகுப்பில் அதுவரை சீராகக் கேட்டுக்கொண்டிருந்த காலடிச் சத்தம் ஒரு கணம் தாளம் தப்பியது.

ஒரு பெண் தும்முவதற்கும் ஒரு காசின் விலைக்கும் என்ன சம்பந்தம்? தம்பியிலிருந்து தொடங்கினால்தான் அது விளங்கும்.

தம்பி ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் நல்ல வேலையில் இருந்தான். மனிதர்கள் எந்த வயதில் வழுக்கி விழுவார்கள் என்று கணக்குப் போடுகிற வேலை. ஒரு நாள் அந்த வேலையை விட்டுவிட்டு வந்து, அக்காவின் கடை முக்காலியில் சப்பணமிட்டு உட்கார்ந்து, "நான் ஒரு காசு செய்யப்போறேன்க்கா" என்றான். ஏதோ பலகாரம் செய்யப்போகிறவன் மாதிரி.

கையில் பிடிக்க முடியாத காசு. போனுக்குள் மட்டும் இருக்கும். பேர் மாடிக்காசு. இந்தக் கட்டடத்தின் மூன்று தளத்திலும் கடை வைத்திருக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கிக்கொள்வதற்கு. எல்லோருக்கும் ஆரம்பத்தில் சமமாகப் பங்கு. அதற்குமேல் ஒரு காசுகூடப் புதிதாக முளைக்காது. யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பது எல்லோருடைய போனிலும் பதிவாகிக்கொண்டே இருப்பதால் ஒருத்தரும் பொய் சொல்ல முடியாது. வேண்டுமென்றால் மாடிக்காசை நிஜப் பணத்துக்கு விற்கலாம், வாங்கலாம். கடைசியாக என்ன விலைக்குக் கைமாறியதோ அதுதான் விலை.

கீழ்த்தளத்துக் காபிக்கடையில் எல்லோரையும் கூட்டி வைத்து இதையெல்லாம் விளக்கினான். காபியும் அவன் செலவு.

"எல்லாம் சரி தம்பி, இதுக்கு எப்படி விலை வரும்?" என்று கேட்டது சாவிக்காரர்தான்.

"கணக்குண்ணே! மொத்தமே இவ்வளவுதான்னு கணக்கு பூட்டு போட்டு வச்சிருக்கு. உலகத்துல எது கொஞ்சமா இருக்கோ, அதுக்கு மதிப்பு."

"என் பித்தப்பையில ஒரு கல்லு இருந்துச்சு," என்றார் சாவிக்காரர். "உலகத்துலயே அது ஒண்ணுதான். டாக்டர் ஒரு டப்பாவுல போட்டுக் குடுத்தாரு. யாருக்கு வேணும்?"

காபிக்கடை அம்மா சிரித்ததில் பால் பொங்கி வழிந்துவிட்டது. அன்றைக்கு மாடிக்காசுக்கு நேர்ந்த கதியும் ஏறக்குறைய அதுதான். எல்லோரும் போனில் ஏற்றிக்கொண்டார்கள், ஒருத்தரும் தொடவில்லை. காபிக்கடை அம்மா முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள்: "இதை எடுத்துட்டுப் போய் பால்காரன்கிட்ட நீட்டினா அவன் வாயால சிரிக்க மாட்டான் தம்பி."

அதற்குப் பிறகு தம்பி தினமும் அவள் கடைக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்தான். கத்தரிக்கோலை எடுத்துத் திறப்பான், மூடுவான். கீழ் உதடு லேசாக வெளியே வந்திருக்கும். அந்த உதட்டை அவளுக்கு அவன் பால்பல் நாளிலிருந்தே தெரியும். அப்போது அவன் சோடா மூடிகளைப் பரப்பிவைத்துக் கடை நடத்துவான். அவள்தான் ஒரே வாடிக்கையாளர். ஆனால் அவனுடைய கடையில் ஒரு விசேஷம்: அவன் சோடா மூடியைக் கொடுப்பான், அவள் தன் பங்கு பிஸ்கட்டைத் தர வேண்டும். மூடி விளையாட்டுக்கு, பிஸ்கட் மட்டும் நிஜம். இது என்ன நியாயம் என்று அவளுக்கு அப்போதே தோன்றியிருக்கிறது. தோன்றியதோடு சரி. உதடு வெளியே வந்துவிடும் என்று பிஸ்கட்டைக் கொடுத்துவிடுவாள்.

அவளுடைய தொழிலும் கிட்டத்தட்ட அப்படித்தான் அமைந்திருந்தது. புதிதாக எதையும் தைக்க மாட்டாள். இருப்பதைத் திருத்துவாள். இடுப்பில் பிரித்து விடுவாள், தோளில் பிடிப்பாள், நீளத்தை மடிப்பாள். மனிதர்கள் பெருத்துக்கொண்டும் இளைத்துக்கொண்டும் இருப்பார்கள். துணி தைத்த அன்றைக்கு இருந்த மாதிரியே இருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் புகுந்து சமாதானம் செய்துவைப்பது அவள் பிழைப்பு. கட்டடத்தில் இருந்த அத்தனை பேருடைய இடுப்பும் அவளுக்கு அத்துப்படி. யார் மனக்கவலையில் சாப்பிடாமல் இருக்கிறார்கள், யார் மனக்கவலையில் சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்பது அவர்கள் வீட்டாருக்குத் தெரிவதற்கு முன்னால் அவள் அளவு நாடாவுக்குத் தெரிந்துவிடும்.

அப்படி ஒரு நாள் தம்பி உதட்டோடு உட்கார்ந்திருந்தபோதுதான் நடன டீச்சர் வந்தாள். கை நிறையப் பாவாடைகள். அரங்கேறப்போகிற பிள்ளைகளெல்லாம் திடீரென்று வளர்ந்துவிட்டார்களாம்.

"அக்கா, எல்லாத்தையும் பிரிச்சு விடணும். கைல இப்ப பணம் ஒண்ணும் தோதுப்படல. அடுத்த மாசம்..."

தம்பியின் கத்தரிக்கோல் நின்றது. அவளுக்குத் தன் வாயிலிருந்து என்ன வரப்போகிறது என்பது வந்த பிறகுதான் தெரிந்தது.

"அதான் போன்ல மாடிக்காசு வச்சிருக்கீங்கல்ல. அதையே குடுங்க."

நடன டீச்சர் அவளையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தாள். கிண்டலில்லை என்று தெரிந்ததும் போனை எடுத்தாள். டிங் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். உதடு உள்ளே போனது.

அந்த டிங் சத்தம் படி வழியாகக் கீழே இறங்கியது. மாடிக்காசு கொடுத்தால் அக்கா பிரித்துக் கொடுக்கிறாள் என்று தெரிந்ததும் நடன டீச்சருக்கு இன்னும் மாடிக்காசு தேவைப்பட்டது. முடிவெட்டுகிற பெண்ணின் மகளுக்கான நடன வகுப்புக் கட்டணத்தை மாடிக்காசாக வாங்கிக்கொண்டாள். முடிவெட்டுகிற பெண் அதற்காகக் காபிக்கடை அம்மாவுக்கு மாடிக்காசுக்கு முடி வெட்டினாள். பால்காரன் சிரிப்பான் என்ற அதே காபிக்கடை அம்மா, "ஒரு காபி, மாடிக்காசுன்னா இந்தப் பக்கம் நில்லுங்க" என்று தனி வரிசையே வைத்துவிட்டாள். அவளுக்குப் பத்து வருஷமாக இடுப்பில் ஏறாத ஒரு பட்டு உடை பெட்டியில் கிடந்தது. சாவிக்காரர்கூட, பித்தப்பைக் கல்லை மறந்துவிட்டு, கோட்டின் அக்குளைச் சரிபண்ணச் சேர்த்துவைக்கத் தொடங்கினார்.

தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. கீழ்த்தளத்தில், பழுது என்ற பலகையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்காக நிற்கிற லிஃப்டுக்குப் பக்கத்தில், ஒரு பெரிய திரையை மாட்டினான். அதில் ஒரு பச்சைக் கோடு. விலை ஏறினால் கோடு ஏறும், இறங்கினால் இறங்கும். லிஃப்டு செய்யாத வேலையையெல்லாம் அந்தக் கோடு செய்தது.

"பாத்தியாக்கா? கணக்கு!" என்றான்.

அவள் ஊசியில் நூலைக் கோத்தாள்.

அவளிடம் மாடிக்காசு குவிந்தது. வருகிற வழி பல. போகிற வழிதான் தெரியவில்லை. காபி குடித்தாள், அதற்குமேல் குடித்தால் தூக்கம் வராது. முடி வெட்டிக்கொண்டாள், அது வளர்ந்தால்தானே மறுபடி வெட்ட. சாவிக்காரர் மனம் கோணக் கூடாதென்று கடைச் சாவிக்கு நகல் எடுத்தாள், பிறகு நகலுக்கு நகல் எடுத்தாள். ஒரே ஒரு கதவு, அதற்கு ஒரு கொத்துச் சாவி. சிறையதிகாரி மாதிரி நடக்கும்போது குலுங்கியது.

எல்லோரும் அடுத்தவர் வாங்கிக்கொள்வார் என்றுதான் வாங்குகிறார்கள். வரிசையின் கடைசியில் நிற்கிறவளுக்கு அடுத்தவர் யார்? ஒரு மத்தியானம் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தபோது இந்தக் கேள்வி அவளுக்குள் வந்தது. நூல் முடிச்சைப் பல்லால் கடித்துவிட்டு அந்தக் கேள்வியையும் அதோடு கடித்துப் போட்டுவிட்டாள்.

ஏனென்றால் அந்த நாட்கள் அவளுக்குப் பிடித்திருந்தன. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? படியேறும்போது எல்லோரும் தலை நிமிர்ந்து பார்த்தார்கள். "சாப்பிட்டீங்களாக்கா?" "தூங்கினீங்களாக்கா?" "முகம் ஏன் வாடியிருக்கு?" பிறந்ததிலிருந்து அவள் பிறரைக் கேட்டுவந்த கேள்விகள். முதல் முறையாக அவை திரும்பி அவளிடம் வந்தன. ஒரு வாரம் முழுக்க அவள் அந்த வாஞ்சையில் குளிர்காய்ந்தாள். பிறகு ஒரு நாள் கவனித்தாள்: கேட்கிற எல்லோருடைய கட்டைவிரலும் போன் மேல் இருந்தது. அவள் "நல்லாத் தூங்கினேன்" என்றால் விரல் விலகும். "எங்க, புரண்டுக்கிட்டே இருந்தேன்" என்றால் விற்பதற்கு விரல் இறங்கும். கீழே கோடும் இறங்கும்.

நீச்சல் வகுப்பில் சேர்ந்தது அதற்குப் பிறகுதான். ஞாயிறு காலை, பெரியவர்களுக்கான ஆரம்ப வகுப்பு. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் உடனே யாராவது "எதுக்கு?" என்று கேட்பார்கள், எதற்கு என்று அவளுக்கே தெரியாது. தண்ணீருக்குள் இறங்கினால் யாரும் இடுப்பளவைப் பற்றிப் பேச மாட்டார்கள் என்பதாக இருக்கலாம்.

சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு அவள் வைத்த பேர் விசில். அந்தப் பெண் பேசுவதைவிட ஊதுவது அதிகம். முதல் பாடம் மல்லாந்து மிதப்பது. மற்ற பெண்கள் எல்லாம் இலை மாதிரி மிதந்தார்கள். இவள் மட்டும் இஸ்திரிப்பெட்டி மாதிரி இறங்கினாள்.

"கழுத்தை விடுங்கம்மா! கழுத்தை ஏன் தூக்கிப் பிடிக்கறீங்க? தலையை யாராவது எடுத்துட்டா போயிடுவாங்க?"

"விட்டுட்டேன்."

"விடல. விட்டதா நினைக்கறீங்க."

வாய் நிறையக் குளத்துத் தண்ணீரோடு எழுந்து நின்றபோது, இதைவிடச் சரியாகத் தன்னைப் பற்றி யாரும் சொன்னதில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

வினை அந்தக் குளத்திலிருந்தே வந்தது. குளத்தில் போடுகிற குளோரின் மருந்து கண்ணில் பட்டுப் பட்டு, ஒரு திங்கட்கிழமை காலை அவள் ரத்தச் சிவப்பான கண்களோடு வேலைக்கு வந்தாள். காபிக்கடை அம்மா பார்த்தாள். அழுதிருக்கிறாள் என்று முடிவுகட்டினாள். ஏன் அழ வேண்டும்? கடையை மூடப்போகிறாளோ? முடிவெட்டுகிற பெண்ணிடம் இந்தச் சந்தேகம் போய்ச் சேர்ந்தபோது அக்கா கடையை மூடிவிட்டாள். சாவிக்காரரிடம் போனபோது ஊரை விட்டே போய்விட்டாள். அப்போது அவள் தன் கடையில் உட்கார்ந்து அதே சாவிக்காரருடைய கோட்டைத்தான் பிரித்துக்கொண்டிருந்தாள். கீழே பச்சைக் கோடு படுத்தேவிட்டது.

தம்பி மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"அக்கா! என்னாச்சு உனக்கு?"

"எனக்கா? ஒண்ணுமில்லையே."

"அப்புறம் எதுக்கு அழுத?"

"நீச்சல்டா."

அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான். "நீயா?"

அந்த "நீயா"வில் அவளுக்கு லேசாக வலித்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை. அவன் கண் போனில் இருந்தது. அவள் வராந்தாவுக்கு வந்து, படிக் கைப்பிடிமேல் குனிந்து, கீழே கூடியிருந்தவர்களைப் பார்த்துச் சிரித்துக் கையசைத்தாள். கோடு எழுந்து உட்கார்ந்தது. பால்கனியில் நின்று காட்சி தருகிற மகாராணிபோல இருக்கிறோமே என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பில் கோடு இன்னும் கொஞ்சம் ஏறியது.

அன்று மாலை தம்பி ஒரு கறுப்புக் கண்ணாடி கொண்டுவந்து கொடுத்தான். "திங்கக்கிழமைன்னா மட்டும் போட்டுக்கக்கா. ப்ளீஸ். இல்ல, அந்த நீச்சலே வேணுமா? இந்த வயசுல ஜலதோஷம் பிடிச்சா..."

அவன் சொன்னபடி ஜலதோஷமும் பிடித்தது. அதுதான் அவள் கால்சட்டைக் குவியலுக்குள் முகத்தைப் புதைத்துத் தும்மிய நாள்.

அந்த வாரத்திலேயே கட்டடக்காரர் வந்தார். இந்தக் கட்டடத்தோடு இன்னும் நான்கு கட்டடங்களுக்குச் சொந்தக்காரர். எல்லாவற்றிலும் இதே மாதிரி கடைகள், இதே மாதிரி பழுதான லிஃப்டுகள். மாடிக்காசை அங்கெல்லாம் கொண்டுபோகலாமா, தம்பியைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று நூல் விட்டுப் பார்க்க வந்திருந்தார்.

"எல்லாம் சரி தம்பி. இது எதுமேல நிக்குது?"

"கணக்குமேல சார்."

கட்டடக்காரர் தலையாட்டினார். நம்பிய தலையாட்டல் இல்லை. நேராகப் போய்க் காபிக்கடை அம்மாவிடம், "நீங்க ஏம்மா இதை வாங்கிக்கறீங்க?" என்று கேட்டார்.

"முடிவெட்டற பொண்ணு வாங்கிக்குதே."

முதல் மாடிக்கு ஏறினார். முடிவெட்டுகிற பெண், "டான்ஸ் டீச்சர் வாங்கிக்கறாங்க சார்" என்றாள். இரண்டாம் மாடிக்கு ஏறினார். நடன டீச்சர் யோசிக்கவே இல்லை. "அக்கா வாங்கிக்கறாங்க."

வராந்தாவின் கோடியில் அவள் கடை வாசலுக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீங்க யார்கிட்டம்மா குடுப்பீங்க?"

அவள் முக்காலியைத் தள்ளி வைத்தாள். "உக்காருங்க சார். எனக்கப்புறம் யாருமில்ல. இங்க வந்து நின்னுடும்."

கட்டடக்காரர் அவளைப் பார்த்தார். சுவரில் தொங்கிய உடைகளைப் பார்த்தார். ஆணியில் தொங்கிய சாவிக்கொத்தைப் பார்த்தார். பிறகு சத்தமில்லாமல், வயிறு மட்டும் குலுங்கச் சிரித்தார்.

"அப்ப நான் வாங்கப்போறது காசு இல்ல. உங்களத்தான்."

வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் அது உண்மை என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. வாசலில் நின்றிருந்த தம்பிக்குத்தான் அது காதில் விழுந்தும் உள்ளே போகவில்லை. அவர் போட்ட நிபந்தனை மட்டும் போனது: அக்கா ஒரு வீடியோவில் பேச வேண்டும். யார், எத்தனை மாடிக்காசு, எந்தக் கட்டடத்திலிருந்து கொண்டுவந்தாலும், எப்பவும் வாங்கிக்கொண்டு வேலை செய்து கொடுப்பேன் என்று சொல்ல வேண்டும். ஐந்து கட்டடத்திலும் அதைக் காட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை அவருக்குத் தோது.

"ஞாயிறு எனக்கு வகுப்பு இருக்குடா," என்றாள் தம்பியிடம்.

"ஒரே ஒரு ஞாயிறுக்கா!"

முதல் ஞாயிறு இது. எப்பவும் என்றால் அதற்குள் எத்தனை ஞாயிறு என்று அவள் எண்ணப் பார்த்தாள்; எண்ண முடியவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் தம்பி மனைவி வந்தாள். அலுவலகத்துக்குப் போட்டுக்கொள்கிற இரண்டு கால்சட்டைகளை மேசைமேல் வைத்தாள். "இடுப்பு பிடிக்கணும் அண்ணி."

நாடாவைச் சுற்றியதும் அவளுக்குப் புரிந்தது. தம்பி வேலையை விட்டதிலிருந்து வீடு இந்த இடுப்பின்மேல்தான் நிற்கிறது. நாளைய வீடியோவைப் பற்றி ஏதாவது கேட்பாள் என்று அவள் காத்திருந்தாள். கேட்டால் மறுக்க முடியாது என்று பயந்துகொண்டும் இருந்தாள். தம்பி மனைவி அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. போகும்போது கைப்பையைத் திறந்து, மடித்த நோட்டுகளை எடுத்து, ஊசிப்பெட்டிக்கு அடியில் வைத்தாள்.

"என்னடி இது, பணம்?"

"ஆமா. மாடிக்காசு எங்கிட்ட இல்ல." குரலைத் தாழ்த்தினாள். "அவர் எனக்குக் குடுத்ததை விலை ஏறின அன்னைக்கே வித்துட்டேன் அண்ணி. கேஸ் பில் கட்டினேன். அவர் பச்சைக் கோட்டைத்தான் பாக்கறாரு, பதிவைப் பாக்கல. சொல்லிடாதீங்க."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. சிரித்துச் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவள் அந்த நோட்டுகளை எடுத்துத் தம்பி மனைவியின் பையிலேயே திணித்தாள். "எடுத்துட்டுப் போடி. உனக்கு நான் எப்பக் காசு வாங்கித் தச்சிருக்கேன்?"

தம்பி மனைவி போன பிறகுதான், தான் சொன்னது அவளுக்கே காதில் விழுந்தது. யாரும் கேட்கவில்லை, எழுதி வாங்கவில்லை, வீடியோ எடுக்கவில்லை. மனசிலிருந்து தானாக வந்தது. அப்படி வருகிறதற்கு ஒரு ருசி இருந்தது. நாளைக்குச் சொல்லச் சொல்கிறார்களே, அந்த 'எப்பவும்' என்கிற வார்த்தையைச் சொல்லிவிட்டால் பிறகு எதுவும் தானாக வராது. எல்லாமே கேட்டு வாங்கப்பட்டதாகிவிடும்.

ஞாயிறு காலை அவளுடைய சின்னக் கடையில் நிற்க இடமில்லை. தம்பி ஒரு விளக்கைக் கொண்டுவந்து துணி மாட்டுகிற கம்பியில் கட்டியிருந்தான். கட்டடக்காரர் முக்காலியை நிரப்பியிருந்தார். தம்பி மனைவி அவள் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டு, கண்ணைப் பார்க்காமல் விலகி நின்றாள். வாசலில் சாவிக்காரர், நடன டீச்சர், காபிக்கடை அம்மா. எல்லோர் கையிலும் போன். மேசைக்கு அடியில் அவளுடைய நீச்சல் பை.

"ஆரம்பிக்கலாமாக்கா? நான் எழுதித் தந்ததை அப்படியே சொல்லு. கடைசில 'எப்பவும்'னு வருது பாரு, அங்க கொஞ்சம் சிரி."

மேசைமேல் நடன டீச்சர் கொண்டுவந்த பிள்ளைகளின் பாவாடைகளில் ஒன்று கிடந்தது. பிரிக்க வந்தது இது மூன்றாவது தடவை. அவள் விரல் தன் பழக்கத்தில் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தது. தைக்கிறவர்கள் உள்ளே கொஞ்சம் துணி மடித்து விட்டிருப்பார்கள், பின்னால் பிரிப்பதற்கு. அதை அவள் முதல் தடவை பாதி எடுத்தாள், இரண்டாம் தடவை மீதியை எடுத்தாள். இப்போது தையல் துணியின் விளிம்பிலேயே ஓடிக்கொண்டிருந்தது. நேற்றே டீச்சரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வராமல் பார்க்கலாம் என்று வாங்கிவைத்திருந்தாள்.

இந்நேரம் விசில் ஊதியிருப்பாள். இன்றைக்குச் சுவரைப் பிடிக்காமல் மிதக்கவேண்டிய நாள். குளத்தைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு மிதக்கிற பெண்கள் நினைவுக்கு வருவதில்லை, அவர்களுக்கு அடியில் இருக்கிற தண்ணீர்தான் வரும். யாரும் அதைப் பார்க்காமல் கூரை முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடப்பார்கள். அவள் வெகு காலம் தண்ணீராக இருந்துவிட்டாள். மோசமான வேலை என்று சொல்ல மாட்டாள். ஆனால் ஒரு காலை நேரமாவது மேலே கிடந்து முகட்டைப் பார்க்க ஆசையாக இருந்தது.

"அக்கா, கேமரா ஓடுது," என்றான் தம்பி.

அவள் வாயைத் திறந்தாள். விளக்கு கண்ணில் அடித்தது. மூக்கு நுனியில் அந்தப் பழைய சனியன் வந்து குந்தியது. பழக்கத்தில் கை மூக்கைப் பிடிக்கப் போனது. பாதி வழியில் அவள் அந்தக் கையைத் திரும்ப இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

ஒரு தும்மல் அல்ல, மூன்று. ஊசிப்பெட்டி குலுங்கியது. விளக்கு ஆடியது. கட்டடக்காரர் முக்காலியோடு பின்னுக்கு நகர்ந்தார். வாசலில் கட்டைவிரல்கள் இறங்குகிற சத்தம் டிங் டிங் என்று மழைத்துளி மாதிரி கேட்டது.

"அண்ணே, உங்களுக்கு வெக்கமே இல்லையா?" என்று நடன டீச்சர் சாவிக்காரரை அதட்டினாள்.

"உங்க விரலப் பாருங்கம்மா முதல்ல."

காபிக்கடை அம்மா தன் போனை முந்தானைக்குள் ஒளித்தாள். அதற்குள்ளிருந்தும் டிங் என்றது.

"பரவாயில்ல, பரவாயில்ல, மறுபடி எடுக்கலாம்," என்றான் தம்பி. உதடு வெளியே வரத் தொடங்கியிருந்தது. "முழுசாச் சொல்ல வேண்டாம்க்கா. 'எப்பவும் வாங்கிக்குவேன்'னு மட்டும் சொல்லு. மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்."

"ஒரு வார்த்தைதானேம்மா," என்றார் கட்டடக்காரரும்.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். தம்பியின் உதட்டைப் பார்த்தாள். இந்தத் தடவை முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல், அது முழுதாக வெளியே வருகிறவரை பார்த்தாள். அவன் உதடு அவன் முகத்தில்தான் இருந்தது. கீழே ஒன்றும் விழுந்துவிடவில்லை.

"திங்கக்கிழமை கடை திறந்திருக்கும்," என்றாள். "யாராவது மாடிக்காசு கொண்டுவந்தா, அன்னைக்கு அவங்க முகத்தப் பாத்து, வாங்கறதா வேண்டாமான்னு சொல்றேன்."

"அது போதாதுக்கா. 'எப்பவும்'னு சொல்லணும். அப்பத்தான் நிக்கும்."

"அது மட்டும் வேண்டாம்டா கண்ணா."

குரல் உயரவில்லை. தம்பி மனைவி மட்டும் தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். கோபமா என்று தேடினாள், கோபமில்லை. அவள் மேசைக்கு அடியிலிருந்து தன் நீச்சல் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். ஆணியிலிருந்து கொத்தை எடுத்து, அதில் ஒரு சாவியைக் கழற்றி, தம்பியின் உள்ளங்கையில் வைத்து அவன் விரல்களை மூடினாள்.

"போகும்போது விளக்கை அணைச்சுட்டுப் பூட்டிடு. அவசரமில்ல. எங்கிட்ட இன்னும் நிறைய சாவி இருக்கு."